வட்டவிதானையார் கடலில் போட்டது

என் மச்சான் கச்சிமுகம்மதுவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அந்த மனுசனுக்கு வாய் இல்லை என்பதுதான். எனக்கு இருக்கிறது. இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய வாயை உம்மா எனக்கு ஒருத்திக்கே தந்துவிட்டார் என்று என் மூத்தவள், ராத்தா அஸீஸா சொல்வாள். மச்சான் அவளுடைய புருசன். கல்முனைக்குடியில் எங்கள் இரண்டு வீடும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. நடுவில் ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம், நான் தையல் துணி உலர்த்துகிற ஒரு கயிறு. நாற்பது வருடமாக அந்த மனுசனை விடிந்தால் பொழுதுபட்டால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சம்மாந்துறைப் பக்கத்து வயல்களுக்கு அவர் இருபத்தாறு வருடம் வட்டவிதானையாக இருந்தார். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர், யாருடைய வரம்பு யாருடைய பக்கம் நகர்ந்திருக்கிறது, யாருடைய மாடு யாருடைய வேளாண்மையில் இறங்கியது, எல்லாவற்றுக்கும் அவர் சொல்வதுதான் முடிவு. வயல்காரர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். இவர் வரம்பில் குந்தியிருந்து பார்ப்பார், ஒரு சொல் சொல்வார், எழும்பி வந்துவிடுவார். வீரமுனைத் தமிழாட்களும் சரி, எங்கள் ஆட்களும் சரி, அதற்குப் பிறகு இன்னொருவரிடம் போய் நியாயம் கேட்பதில்லை. கேட்டால் விதானையின் முகத்தில் துப்பியது போல.

வயலில் அது நல்ல பழக்கம்தான். அதை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் கேடு. தொழில் தெரிந்த ஒருவன் ஒன்றைச் சொல்லிவிட்டால் மச்சானுக்கு அது முடிந்த கதை. ஒருமுறை பல் கட்டுகிறவர் ஒருவர் அவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி நிற்கவில்லை. நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டான் என்று நான் வளவு அதிரக் கத்தினேன். மச்சான் கன்னத்தைப் பொத்திக்கொண்டு மறுநாளும் அதே ஆளிடம்தான் போனார். "அவருக்குத்தானே புள்ள வாயப் பத்தித் தெரியும்" என்றார். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

மச்சானுக்கும் ராத்தாவுக்கும் ஒரே பிள்ளை, அம்ஹா. கலியாணம் முடித்துப் பதினாறு வருடம் கழித்துக் கிடைத்தவள். சின்னதில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையில் ஓடித்திரிந்ததால் அவள் யாருடைய பிள்ளை என்று அயலில் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. வளர்ந்து கெம்பஸுக்கு, பல்கலைக்கழகத்துக்குப் போனாள். படிப்புக்கென்று மச்சான் ஒரு கம்பியூட்டர் வாங்கிக் கொடுத்தார். பெரிய பெட்டி வைத்த பழைய சாதி. மூன்றாம் வருடம் மாரி மழையோடு வந்த டெங்குக் காய்ச்சல் அவளை ஆறு நாளில் கொண்டுபோய்விட்டது. இருபத்திரண்டு வயது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

அந்தப் பிள்ளை தன் படம் வெளியே போகக்கூடாது என்பதில் மிகக் கண்டிப்பு. வீட்டுக்குள் முக்காடில்லாமல் தலை திறந்திருக்கிற நேரத்தில் நூற்றுக்கணக்காகப் படம் எடுப்பாள், வீடியோ எடுப்பாள், ஒன்றையும் ஒருவருக்கும் அனுப்ப மாட்டாள். கூட்டாளிகளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அவள் மௌத்தாகி நாற்பது நாள் கழிந்ததும் மச்சான் அவளுடைய போனை ஒரு ஏழைப் பிள்ளைக்குப் படிக்கக் கொடுத்தார், அவள் பேரில் சதக்காவாக, தர்மமாக. கொடுக்க முன்னம் என் மகள் றிஸ்னா அதிலிருந்த படம், வீடியோ எல்லாவற்றையும் கம்பியூட்டரில் இறக்கி, போனில் இருந்ததை அழித்துக் கொடுத்தாள். அம்ஹா குர்ஆன் ஓதிப் பதிந்து வைத்தவையும் அதற்குள் இருந்தன. முழுக் குர்ஆனையும் ஓதிப் பதிந்த கிராஅத்தும் முன்பே அந்தக் கம்பியூட்டரில் இருந்தது.

பென் டிரைவ் ஒன்றில் ஒரு பிரதி போட்டு வைத்திருக்கலாமே என்று இன்றைக்கு எல்லாரும் எங்களிடம் கேட்கிறார்கள். கேட்பது லேசு. பிள்ளையை அடக்கிவிட்டு வந்த வீட்டில் யாருக்கு அந்த யோசனை வரும்?

ராத்தாவுக்கு றிஸ்னா எங்கே அமுக்குவது, எதை இரண்டு தரம் தட்டுவது என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு ராத்தா கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்வாள். ஒரு வீடியோவில் அம்ஹா தலை சீவிக்கொண்டே, "உம்மா, ஒங்கட முருங்கக் கறிய சாப்புட்டுச் சாப்புட்டு எனக்கி முருங்கக் கா மாதிரியே முடி வளருது" என்பாள். பின்னால் ராத்தாவின் சிரிப்புச் சத்தம் கேட்கும். என் வீட்டுத் தையல் மெசினில் இருந்தபடி அந்தச் சிரிப்பை நான் நூறு தரம் கேட்டிருப்பேன். வீடியோவில் சிரிக்கிற ராத்தாவை அதற்குப் பிறகு நான் நேரில் கண்டதில்லை. ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில்தான் அவளுடைய ஒரு நாள் ஓடியது. அது மச்சானுக்கும் தெரியும். அசருக்குப் பிறகு அவர் அந்த அறைப் பக்கம் போக மாட்டார், வளவில் நின்று கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் ராத்தா என் வாசலுக்கு வந்து நின்றாள். 

"றுமானா, பெட்டி எழும்புதில்ல கா. டக் டக்கெண்டு சத்தம் மட்டும் வருது."

போய்ப் பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தது. பெட்டிக்குள் ஏதோ தட்டுகிற மாதிரி, விட்டு விட்டு ஒரு சத்தம். அணைத்துப் போட்டாலும் அதுதான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் வாய் ஓடியது. மச்சான் பெட்டியைச் சாரத் துணியால் சுற்றித் தூக்கும்போது நான் சொன்னேன்:

"மச்சான், கடையில வெச்சிட்டு வந்திராதீங்க. புள்ளைட படமெல்லாம் தல தொறந்து கெடக்கு. எவனாச்சும் பாத்தா? அந்தப் புள்ள கபுறுக்குள்ள இருந்து நம்மளத்தான் கேக்கும்."

அவர் தலையை ஆட்டினார். நானும் கூடவே ஓட்டோவில் ஏறினேன், அவரைத் தனியாக விட்டால் சரிவராது என்று.

கல்முனை டவுனில் ஒரு கடை. பெயர் வேண்டாம். அங்கிருந்த ஆள் முப்பது வயது இருக்கும், நாலு பேருடைய வேலையை ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தான். பெட்டியை மேசையில் வைத்து வயரைச் செருகினான். டக் டக் கேட்டது. காதைக் கிட்டக் கொண்டுபோய் இரண்டு நிமிடம் கேட்டான். அவ்வளவுதான். வேறு ஒன்றைத் தொட்டுப் பார்க்கவில்லை, மாற்றிப் போட்டுப் பார்க்கவில்லை.

"ஹார்ட் டிஸ்க் மௌத்து காக்கா" என்றான், மச்சானை அண்ணன் முறையில் கூப்பிட்டு.

மச்சான் பெட்டியின் மேல் கையை வைத்தார். பிறகு கேட்டார், "உள்ளுக்கு இரிக்கிற ஒண்டும் எடுக்க ஏலாதா மகன்? மகள்ட படம் இரிக்கி."

"ஏலா காக்கா. இந்தச் சத்தம் வந்தா முடிஞ்சிது. புதிசு ஒண்டு போட்டா பெட்டி நல்லா ஓடும். பழசக் கழட்டி வெச்சிட்டுப் போறீங்களா?"

"இல்ல மகன். அதத் தாங்க."

நான் மச்சானை ஓரமாக இழுத்தேன். "இன்னொரு கடையில காட்டிப் பாப்பமே. கேட்டுப் பாத்தா என்ன கொறஞ்சா போகும்?"

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். வயலில் யாராவது அவர் தீர்ப்புச் சொன்ன பிறகும் வாய் திறந்தால் பார்க்கிற பார்வை அது.

"தொழில் தெரிஞ்சவன் செல்லிட்டான். மறுகா என்னத்துக்கு நாலு பேருக்கிட்டக் கொண்டு திரியிற? அவன்ட தொழிலக் கேவலப்படுத்துற மாதிரிப் போகும்."

நான் வாயை மூடினேன். வாழ்நாளில் மூடக்கூடாத ஒரே இடத்தில் மூடினேன். அந்த ஆள் புதிய டிஸ்க் ஒன்றைப் போட்டுத் தர, பெட்டி எழும்பியது. பழையதை மச்சான் தன் கைலேஞ்சித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு சிறிய சாமான், உள்ளங்கையளவு. வழி நெடுக அதன் மேல் கை வைத்தபடியே இருந்தார்.

ராத்தாவிடம் அவரே சொன்னார். அவள் அழவில்லை. "இனி ஒண்டும் ஏலாதா?" என்று கேட்டாள். "ஏலாதாம்" என்றார். "அல்லாஹ்ட நாட்டம்" என்று சொல்லிவிட்டு ராத்தா குசினிக்குள் போனாள். அன்றைக்கு அவள் சோறு வடித்து ஆணம் வைத்து எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். தான் மட்டும் சாப்பிடவில்லை.

அடுத்தது அந்தப் பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்பது. மச்சான் அதை அலுமாரியில், குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தார்.

"றுமானா, இதுக்குள்ள குர்ஆன் இரிக்கி. புள்ள ஓதினதும் இரிக்கி. இத எங்க வெக்கிற?"

"குப்பையில கிப்பையில போட்டுடாதீங்க மச்சான்" என்றேன் நான். "பழைய டிஸ்க்கப் பொறுக்கிட்டுப் போய் உள்ள இரிக்கிற படத்த எடுக்கிறவனுகளும் இரிக்கானாம். அம்ஹாட படம் ஒருத்தன்ட கையில போகப்படா."

என் வாயை நானே கிழிக்க வேண்டும். உள்ளே இருப்பதை யாரோ ஒருத்தன் எடுக்கலாம் என்றால், நாங்களும் எடுக்கலாமே. அந்தச் சின்னக் கணக்கு எனக்கு வரவில்லை, மச்சானுக்கும் வரவில்லை. ஒரே வாயால் அது செத்துவிட்டது என்றும் சொன்னோம், அதை யாராவது திறந்து பார்ப்பான் என்றும் பயந்தோம். மானம் காக்கிற அவசரத்தில் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் பழுதாகிப்போன குர்ஆன் தாள்களை எறிய மாட்டோம். காலில் மிதிபடாத இடத்தில் புதைப்போம், அல்லது கல்லைக் கட்டி ஆழக் கடலில் விடுவோம். மச்சான் அதையே செய்யத் தீர்மானித்தார். வளவில் புதைத்தால் பின்னால் யாராவது அத்திவாரம் வெட்டும்போது வெளியே வரும் என்று பயந்தார். ஒரு முழம் வெள்ளைச் சீலை என்னிடம்தான் கேட்டு வாங்கினார். கை கால் முகம் கழுவி ஒழுச் செய்துகொண்டு, டிஸ்க்கை அதில் சுற்றி, கல் வைத்து, நைலோன் கயிற்றால் கட்டினார். நான்தான் முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். ராத்தா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சீலைப் பொட்டலத்தைக் கண்டதும் அவளுக்கு என்ன நினைவு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளும் தெரியாதது போல நின்றாள், நானும் தெரியாதது போல நின்றேன்.

விடியச் சுபஹு தொழுதுவிட்டு, தெரிந்த மீன்காரர் ஜவுபருடைய இஞ்சின் வள்ளத்தில் ஏறி, கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரத்துக்குப் போய், யாசீன் ஓதிப் போட்டுவிட்டு வந்தார். அறுபத்தேழு வயதில் வள்ளம் ஏறிப் பழக்கமில்லாத மனுசன். வந்து இரண்டு நாள் தலைச்சுற்றோடு படுத்துக் கிடந்தார். செய்ய வேண்டியதை முறையாகச் செய்துவிட்டேன் என்கிற ஆறுதல் அவர் முகத்தில் இருந்தது. அதைப் பார்க்க எனக்கும் ஆறுதலாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ராத்தாவுக்கென்று றிஸ்னா புதிய டிஸ்க்கில் கிராஅத் போட்டுக் கொடுத்தாள். அசருக்குப் பிறகு அவள் அந்த அறையில் போய் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்துவதில்லை. அம்ஹாவின் அடையாள அட்டைப் படம் ஒன்றை மேசையில் வைத்திருந்தாள். அதில் பிள்ளை யாரோ மாதிரி இருப்பாள், தலையில் சீலை, வாயை இறுக்கிக்கொண்டு. "இவ என்ட மகள்தான், ஆனா எனக்கிட்ட இப்புடி ஒரு நாளும் பாக்கல்ல கா" என்று ராத்தா ஒருமுறை சொன்னாள்.

மூன்று கிழமை கழிந்திருக்கும். பெட்டி மறுபடியும் நின்றது. இந்தத் தரம் சத்தமும் இல்லை, ஒன்றுமில்லை. மச்சான் அதே கடைக்குத்தான் புறப்பட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல பல்லைப் பிடுங்கினவனிடமே திரும்பப் போகிற ஆளாச்சே. வழியை மறித்துக்கொண்டு நின்றேன். பாண்டிருப்பிலிருந்து என்னிடம் சட்டை தைக்க வருகிற செல்லத்தங்கம் அக்கா, தன் அயலில் சுஜிந்தன் என்று ஒருவர் வீட்டோடு கம்பியூட்டர் திருத்துகிறார், பார்க்காமல் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று முன்பே சொல்லியிருந்தார். "அங்க போறதெண்டாப் போவம். இல்லாட்டி நான் தனியக் கொண்டு போவன்" என்றேன். மச்சான் ஓட்டோவில் ஏறினார்.

சுஜிந்தன் நாற்பதைத் தாண்டிய ஆள், மெலிந்தவர். முன் விறாந்தையில் நீளமாக ஒரு மேசை. நான் கதையைத் தொடங்க, அவர் கையை மெல்ல உயர்த்தினார்.

"முதல்ல பெட்டி சொல்லட்டும் அக்கா. பிறகு நீங்க சொல்லுங்க."

என்னை அப்படி ஒருவரும் வாய் அடக்கியதில்லை. கோபம் வந்தது, ஆனால் அந்த மனுசன் வேலை செய்வதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. ஒவ்வொரு சாமானாகக் கழற்றினார், தன்னிடமிருந்த நல்லதோடு மாற்றிப் போட்டுப் பார்த்தார், ஒரு துண்டுக் கடதாசியில் அது சரி, இது சரி என்று எழுதினார். எங்களையும் கிட்ட வந்து பார்க்கச் சொன்னார். கடைசியில் பெட்டியின் மூலையிலிருந்து வயர்க் கட்டோடு ஒரு சாமானைக் கழற்றிவிட்டு, தன்னுடையதைச் செருகினார். பெட்டி உடனே எழும்பிவிட்டது.

"பவர் சப்ளை காக்கா. பெட்டிக்குள்ள இருக்கிற எல்லாத்துக்கும் கரண்ட் பிரிச்சுக் குடுக்கிறது இதுதான். இது கனகாலமா இளைச்சு இளைச்சு வந்திருக்கு. மற்றதெல்லாம் நல்லா இருக்கு" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "இப்ப சொல்லுங்க அக்கா. முதல்ல என்ன நடந்தது?"

நான் சொன்னேன். டக் டக் சத்தம், கடை, புது டிஸ்க். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியது.

"அந்தச் சத்தம் இதாலயும் வரும். பழைய சாதி டிஸ்க் உள்ளுக்குச் சுத்த வேணும். கரண்ட் காணாட்டி எழும்பப் பாக்கும், ஏலாமத் திரும்ப விழும். அதுதான் தட்டுற மாதிரிக் கேக்கும். புதிசாப் போட்டது சுத்துற சாதியில்ல, கொஞ்சக் கரண்ட் போதும், அதாலதான் இவ்வளவு நாள் ஓடியிருக்கு." அவர் கையைத் துணியில் துடைத்தார். முகத்தில் ஒரு உற்சாகம் வந்தது. "அந்தப் பழசக் கொண்டாங்க காக்கா. நல்ல பவர் சப்ளையில கொழுவிப் பாப்பம். பிள்ளைட படமெல்லாம் வரக்கூடும்."

மச்சான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அது இல்ல தம்பி. கடல்ல போட்டாச்சி."

சுஜிந்தன் விளங்காமல் பார்த்தார். நான் விளக்கினேன், குர்ஆன் இருந்தது, பிள்ளையின் படம் இருந்தது, எறியக்கூடாது என்று. அவர் கையிலிருந்த திருகாணி முறுக்கியைக் கீழே வைத்தார். பிறகு மச்சானுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"பாக்காம ஒண்டும் சொல்ல ஏலாது காக்கா. சிலநேரம் அது உண்மையாவே பழுதாவும் இருந்திருக்கலாம்."

மச்சான் நிமிர்ந்தார். "தம்பி, என்ட முகத்தப் பாத்துச் செல்லுங்க. ஒங்கட மனசுக்கு என்ன படுகுது?"

அந்த மனுசன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லட்டும் என்று நான் அல்லாஹ்விடம் கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அனேகமா நல்லா இருந்திருக்கும் காக்கா."

திரும்பி வரும்போது டவுனில் அந்தக் கடைக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். உள்ளே போய் வாய்க்கு வந்தபடி ஏசினேன். சனம் கூடிவிட்டது. அந்த ஆள் அதிர்ந்துபோய் நின்றான். "களவு செய்யல்ல ராத்தா, அந்தச் சத்தம் வந்தா எல்லாரும் அப்புடித்தான் செல்லுற" என்றான். அது உண்மையாகவும் இருக்கலாம். அவன் எங்களை ஏமாற்றவில்லை, மாற்றிப் போட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் செலவழிக்கவில்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. களவு செய்திருந்தாலாவது ஆசை தீர ஏசிவிட்டு வந்திருப்பேன். பின்னால் மச்சான் இறங்கி வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நாற்பது வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தரம்தான்.

"அவன் செல்லினான். நம்பினது நான். கடல்ல போட்டதும் நான். வா."

ஓட்டோவுக்குள் நான் கெஞ்சினேன். "ராத்தாவுக்கிட்டச் செல்ல வேணாம் மச்சான். செத்துப்போன சாமான்தானே எண்டு அவ மனச ஆத்திட்டா. அந்தப் படியே கெடக்கட்டும். வயரு பழுது, மாத்தியாச்சி, அவ்வளவுதான். ஒங்களுக்குச் செல்ல ஏலாட்டி நான் செல்லுறன்." மச்சான் றோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த மனுசன் பொய் சொல்லி நான் கேட்டதேயில்லை. பொய் சொல்ல வேண்டிய நிலைமை அவருக்கு வந்ததையும் நான் கண்டதில்லை. இன்றைக்காவது சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்தா விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் பெட்டியைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"என்ன பழுதாம்?" என்று அவள் கேட்டாள். சும்மா கேட்கிற கேள்விதான். சுளகைக்கூட நிறுத்தவில்லை.

"கரண்ட் குடுக்கிற சாமான் ஒண்டு ராத்தா" என்று நான் முந்திக்கொண்டேன். "மாத்தித் தந்திட்டார். இனிப் பயமில்ல."

அவள் சுளகை இரண்டு தரம் தட்டினாள். பிறகு நிறுத்தினாள். ராத்தா படித்தவள் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவள். அதன் ஒவ்வொரு சத்தமும் அவளுக்கு மனப்பாடம்.

"அப்ப முந்தியும் இதுதானா?"

"அதெல்லாம் நமக்கு வெளங்குமா கா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ராத்தா என்னைப் பார்க்கவில்லை, மச்சானைப் பார்த்தாள்.

மச்சான் நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்தினார், வரம்பில் குந்துவது போல. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "ஓம் அஸீஸா. முந்தியும் இதுதான். புள்ளைட டிஸ்க்கு நல்லா இருந்திருக்கி."

ராத்தா சுளகைப் பக்கத்தில் வைத்தாள். கையில் ஒட்டியிருந்த தவிட்டைச் சீலையில் துடைத்தாள். நான் அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது, நானும் சேர்ந்து கத்தி அழுதிருப்பேன். அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"மொதத் தரம் மௌத்தான புள்ளையக் கொண்டு போய் அடக்கினீங்க. இந்தத் தரம் உசிரோட இருந்த புள்ளைய அடக்கிட்டு வந்திரிக்கீங்க."

மச்சான் நிமிரவில்லை. அவருடைய தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை, பிள்ளையை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து வந்த அன்றுகூட.

கடையில் பெட்டியை விடாதே என்றவள் நான். படத்தை எவனாவது எடுப்பான் என்று பயம் காட்டியவள் நான். வெள்ளைச் சீலையைக் கிழித்துக் கொடுத்து முடிச்சைப் பிடித்தவளும் நான். குற்றம் மச்சானில் மட்டும் இல்லை ராத்தா என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு, ஓட்டோக்காரர் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். ஓட்டோ அப்போதே போயிருந்தது.